உழவாரம் பிடித்தவருக்கு வெட்ஜ் விளங்கும்

சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் கிழமை, கனடாவிலிருந்து அண்ணையின் கடல் பார்சல் வந்தது. சோப், சொக்கிலேட், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, இந்த வெயிலுக்குள் அம்மாவுக்கு இரண்டு சுவெட்டர். எல்லாம் வழமையான சாமான்தான். பெட்டியின் அடியில் மட்டும் குளியல் துவாயால் சுற்றி நாலு இரும்புத் தடிகள் கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உதென்ன தம்பி, பாம்படிக்கிற தடியோ?”

அன்றிரவு அண்ணை வாட்ஸ்அப்பில் விளக்கினார். “நல்லூர்த் தேருக்கு வருவன். தீர்த்தம் முடியப் பிறகு நுவரெலியாவுக்குப் போய் ஒருநாள் கோல்ஃப் விளையாடுவம். அதுக்குள்ள நீ பழகி வை. தூர அடிக்கிற தடியளை அங்க வாடகைக்கு எடுக்கலாம். கிட்டவாப் போனாப் பிறகுதான் எல்லாரும் கெட்டுப்போறது. அதாலதான் கிட்ட அடிக்கிற வெட்ஜ் தடியள் அனுப்பினனான். நீ கணக்கு வாத்தி, எண் உனக்கு விளங்கும்.”

எண் விளங்கும் என்றுதான் நானும் நினைத்தேன். உயர்தர வகுப்புக்கு இருபது வருடமாக இணைந்த கணிதம் படிப்பிக்கிறவனுக்குக் கோணம் ஒரு புதினமா? ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறேன்: தடியில் பொறித்திருக்கும் எண்ணில் எனக்கு விளங்கியது பாதி. மற்றப் பாதியை விளக்கியது பக்கத்துத் தோட்டக்கார அப்பு. அவர் கோல்ஃப் பந்தைக் கண்டதே என்னுடைய பந்து அவருடைய கிணற்றுக்குள் விழுந்த அன்றுதான்.

நாலு தடியில் ஒன்று ஏழாம் எண் இரும்பு. அதை விடுவோம். மற்ற மூன்றும் வெட்ஜ். ஒன்றின் அடியில் பிச்சிங் வெட்ஜைக் குறிக்கும் ‘பி’ எழுத்து மட்டும் இருந்தது. இரண்டாவதில் 56, பக்கத்தில் சின்னதாக 14. மூன்றாவதில் 60, பக்கத்தில் 04. பெரிய எண் லொஃப்ட். அதாவது தடியின் தண்டை நேர் நிலைக்குத்தாகப் பிடித்தால் முகம் எத்தனை பாகை பின்னால் சரிந்திருக்கிறது என்பது. சுவர் மாதிரி நேராக நின்றால் 0. சரிவு கூடக் கூடப் பந்து உயரப் போகும், தூரம் குறையும், பின்சுழற்சி கூடும். சின்ன எண் ஏதோ தொழிற்சாலைக் குறி என்று விட்டுவிட்டேன். அது என்னை எப்படிப் படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘பி’யில் எண் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. வெல்டிங் கடை வைத்திருக்கும் மச்சானிடம் கொண்டுபோனேன். வைஸில் தண்டை மெதுவாக இறுக்கி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு நிலைக்குத்துப் பார்த்து, முகத்தில் ஒரு தட்டையான தகட்டை ஒட்டி, போனில் இருக்கும் கோணம் அளக்கிற செயலியை அதன்மேல் வைத்தோம். வகுப்புப் பாகைமானியாலும் ஒருமுறை சரிபார்த்தோம். ஒரு பாகை அங்கால இங்கால பிழை வரும், ஆனால் விடை தெளிவாக இருந்தது: 44.

அதாவது என்னிடம் இருந்தவை 44, 56, 60. முதல் இரண்டுக்கும் நடுவில் 12 பாகைப் பள்ளம். பின் இரண்டுக்கும் நடுவில் 4. கூட்டல் விருத்தி படிப்பிக்கிறவன் வீட்டில் இப்படியொரு தொடர்!

இது அண்ணையின் பிழை இல்லை என்று பிறகு விளங்கியது. 1970களில் பிச்சிங் வெட்ஜ் என்றால் ஏறத்தாழ 50 பாகை இருந்தது. அடுத்தது 56 பாகைச் சான்ட் வெட்ஜ். இடைவெளி ஆறுதான், ஒருவருக்கும் குறை இல்லை. பிறகு தடி செய்யும் நிறுவனங்கள், தங்கள் ஏழாம் எண் மற்றவனின் ஏழாம் எண்ணைவிடத் தூரம் போகிறது என்று காட்டுவதற்காகக் கோணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தின. தலையின் பாரத்தைக் கீழே இறக்கியதால் நிமிர்த்தினாலும் பந்து எழும்பியது. இன்றைக்குப் பல செட்டுகளில் பிச்சிங் வெட்ஜ் 43, 44, 45 பாகையில் வருகிறது. ஆனால் மணலிலிருந்து பந்தை எடுக்கும் வேலை மாறவில்லை, ஆகவே சான்ட் வெட்ஜ் 54க்கும் 58க்கும் இடையிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் கேப் வெட்ஜ். பெரும்பாலும் 50 அல்லது 52. அதற்கு ஒரு பெயரும் நிலையில்லை. ஒரு நிறுவனம் கேப் என்கிறது, இன்னொன்று அப்ரோச் என்கிறது, மற்றது அட்டாக் என்கிறது, வேறொன்று எண்ணை மட்டும் பொறித்துவிடுகிறது. ஆகவே பெயரைப் பார்த்து வெட்ஜ் வாங்குவது, பெயரைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி. பாகையைக் கேளுங்கள்.

பாகை தெரிந்ததும் எனக்குள் இருந்த வாத்தி எழும்பிவிட்டான். எறியம் பாடத்தில் நாங்கள் முதல் நாளே சொல்வது: கிடைவீச்சு அதிகூடியதாக இருக்க வேண்டுமென்றால் எறிகோணம் 45 பாகை. என் ‘பி’ 44. அப்படியென்றால் மற்ற எல்லாத் தடியையும்விட இதுதானே தூரம் போக வேண்டும்? இதை அண்ணையிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் போனை மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

பிழை எங்கே என்று இரண்டு நாள் யோசித்தேன். முகத்தின் கோணமும் பந்து புறப்படும் கோணமும் ஒன்றில்லை. அடிக்கும்போது கைகள் பந்தைத் தாண்டி முன்னுக்குச் சாய்கின்றன, அதனால் முகம் நிமிர்கிறது. தடி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே பந்தைத் தொடுகிறது. முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள் பந்தைப் பிடித்து உருட்டுகின்றன. இவ்வளவும் சேர்ந்து, உலகின் முதல்தர ஆட்டக்காரர்கள் பிச்சிங் வெட்ஜால் அடிக்கும்போதுகூடப் பந்து புறப்படுவது 24 பாகை அளவில்தான். சுழற்சி நிமிடத்துக்கு 9000 தடவைக்கு மேல். அந்தப் பின்சுழற்சி காற்றில் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. நாங்கள் கரும்பலகையில் “காற்றுத் தடை புறக்கணிக்கத்தக்கது” என்று எழுதிவிட்டு வடிவாக வரைகிற பரவளைவு இங்கே செல்லாது. இப்போது எறியம் படிப்பிக்கும்போது இந்தக் கதையைச் சொல்கிறேன். பிள்ளைகள் சூத்திரத்தை மறந்தாலும் கதையை மறப்பதில்லை.

பழகுவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்மண் தோட்டத் தறைகள் வரிசையாகக் கிடக்கின்றன. புகையிலை வெட்டி, கட்டை பிடுங்கி, அடுத்த பயிர் வைக்கும்வரை சும்மா கிடக்கும் நிலம். நாலைந்து தறை சேர்ந்தால் நூற்றைம்பது மீட்டர் தாராளம். அப்புவிடம் கேட்டேன். “அடியுங்கோ மாஸ்டர், மாடு கட்டியிருக்கிற பக்கம் மட்டும் வேண்டாம்” என்றார். கோல்ஃப் பந்து கல்லு மாதிரி. மாட்டுக்குப் பட்டாலும் மனிசருக்குப் பட்டாலும் விளையாட்டில்லை. விடிய ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் மட்டும், எல்லைப் பனைக்கு இந்தப் பக்கமாக அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பந்திலும் எந்தத் தடியால் அடித்தது என்று மார்க்கரால் எழுதிவைத்தேன். வாத்தி புத்தி.

நாடா பிடித்து அளந்ததில், முழு வீச்சுக்கு என் ‘பி’ 95 மீட்டர். 56 பாகை 65. அறுபது 50. கோணத்தில் இருந்த பள்ளம் தூரத்திலும் அப்படியே தெரிந்தது. 80 மீட்டரில் நிற்கும் பனைக்கு என்னிடம் தடியே இல்லை. பொதுவாக 4 முதல் 6 பாகை இடைவெளி வைத்தால் ஒவ்வொரு தடிக்கும் பத்து முதல் பதினைந்து மீட்டர் வித்தியாசம் வரும் என்பார்கள். என் வீச்சுக்கும் கணக்கு அப்படித்தான் வந்தது.

இவ்வளவும் சுலபமான பாதி.

வைகாசி போய் ஆனி பிறந்தது. சோளகக் காற்று எழும்பி, செம்மண் காய்ந்து, மேல் தோல் சட்டி மாதிரி இறுகிவிட்டது. அதற்கு முதல் ஓரளவு நன்றாக அடித்துக்கொண்டிருந்த 56 பாகைத் தடி ஒரே கிழமையில் எனக்கு எதிரியானது. கிட்ட நின்று இருபது மீட்டருக்கு மெதுவாகத் தட்டினால், தடி நிலத்தில் பட்டுத் துள்ளி, கீழ் விளிம்பு பந்தின் நடு வயிற்றில் அடிக்கும். பந்து எழும்பாது. வெடி மாதிரி நிலத்தோடு பறக்கும். அப்படிப் பறந்த ஒன்று வரம்பில் பட்டு எகிறித்தான் அப்புவின் தோட்டக் கிணற்றுக்குள் விழுந்தது. கோல்ஃப் பந்து தண்ணீரில் மிதக்காது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அண்ணையிடம் சொன்னால், “தலையைத் தூக்காதை, பந்தைப் பார்” என்பதைத் தவிர வேறு மருந்து அவரிடம் இல்லை. ரொறன்ரோவில் அவர் விளையாடுவது தண்ணீர் விட்டு வளர்த்த மெத்தைப் புல்லில்.

அப்பு கிணற்றுக்கட்டில் இருந்து இரண்டு மூன்று நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து தடியை வாங்கினார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தைத் தடவினார்.

“மாஸ்டர், இதின்ர அடி வண்டி வச்சிருக்கு.”

“விளங்கேல்லை அப்பு.”

அவர் கொட்டிலுக்குள் போய் உழவாரத்தை எடுத்து வந்தார். கோயில் சிற்பத்தில் அப்பர் சுவாமிகள் கையில் பார்த்திருப்பீர்கள், அதே ஆயுதம்தான். எங்கள் ஊரில் புல்லுச் செருக்க இன்றைக்கும் அதுதான். குந்தியிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். தகடு நிலத்தோடு படிந்து போய்ப் புல்லை வேரோடு வழித்தது. பிறகு பிடியைச் சற்று மேலே தூக்கித் தள்ளினார். நுனி மண்ணுக்குள் குத்தி நின்றது. பிடியை நன்றாகத் தாழ்த்தித் தள்ளினார். தகட்டின் முதுகு நிலத்தில் பட்டு, வாய் எழும்பி, புல்லுக்கு மேலால் வழுக்கிப் போனது.

“பாத்தீங்களோ? இரும்பு ஒண்டுதான். வாய் முதல்ல மண்ணில படுதோ, முதுகு முதல்ல படுதோ எண்டதுதான் விசயம். உங்கட தடிக்கு முதுகு தடிச்சிருக்கு. ஈரத் தறையில அது நல்லம், தாழாது. காஞ்ச தறையில முதுகு பட்டுத் துள்ளும். துள்ளினா வாய் பந்தின்ர வயித்திலதான் படும்.”

எனக்கு மின்சாரம் பட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சின்ன எண்ணைத் தேடிப் படித்தேன். 14 என்பது பவுன்ஸ். தடியை நிலத்தில் வைத்தால், முன் விளிம்பிலிருந்து அடியின் மிகத் தாழ்ந்த இடம்வரை எத்தனை பாகை இறக்கம் என்பது. அந்த இறக்கம் கூடினால் முன் விளிம்பு நிலத்தை விட்டு எழும்பி நிற்கும், அடிவயிறுதான் முதலில் மண்ணைத் தொடும், தடி புதையாமல் வழுக்கும். 4 முதல் 6 வரை குறைந்த பவுன்ஸ், 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் கூடியது. அப்பு அளக்காமல் விரலால் தடவிச் சொன்னதற்குத் தொழிற்சாலை போட்ட எண் அது. நான் தொழிற்சாலைக் குறி என்று விட்டுவிட்ட எண்.

அடுத்த நாள் சோதனை. அப்பு மெசின் போட்டு வெண்காயப் பாத்திக்கு இறைத்தபோது, பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தையும் நனைத்துத் தந்தார். நனைந்த மண்ணில் 56·14 தடி வெண்ணெயில் கத்தி மாதிரிப் போய், பந்து பூப்போல எழும்பியது. அதே மண்ணில் 60·04 புதைந்து நின்றது. கைமூட்டு நொந்தது. பிறகு காய்ந்த தறையில் மாற்றிப் பிடித்தேன். 60·04 தடியின் வாய் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு பந்துக்கு அடியில் போனது, 56·14 துள்ளியது. தடியில் பழுதில்லை. நிலத்துக்குப் பொருந்தாத தடியை நான் எடுத்ததுதான் பழுது.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனை விதமான மண் உண்டோ அத்தனையிலும் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் மணற்காட்டுக்குப் போனேன். வடமராட்சி கிழக்கில், மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் இடிபாடு இருக்கிற ஊர். காற்று கொண்டுவந்து குவித்த பொடி மணல், கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். மேட்டில் ஏறாமல், ஓரத்தில் ஆளில்லாத திறந்த இடமாகப் பார்த்து நின்றேன். அந்த மேடுகள் ஏற்கெனவே படுகிற பாடு போதும். இங்கே 56·14 தான் ராசா. பந்தை அடிக்கக்கூடாது. பந்துக்கு இரண்டு விரலக்கடை பின்னால் மணலை அடிக்க வேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறது. முகத்தைக் கொஞ்சம் திறந்து வானத்தைப் பார்க்க வைத்தால் லொஃப்டும் கூடுகிறது, பவுன்ஸும் கூடுகிறது. அறுபதை எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் கிணறு வெட்டியது.

மறு கிழமை காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. அலை வந்துபோகும் ஈர விளிம்பில் மணல் தார் வீதி மாதிரி இறுகிக் கிடக்கும், சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள். மணற்காட்டில் ராசாவாக இருந்த தடியை அதே நம்பிக்கையோடு வீசினேன். அடி துள்ளி, பந்து நெஞ்சுயரத்தில் கடலுக்குப் போய் மூன்று தரம் தண்ணீரில் தத்தியது. கரையில் நின்ற பெடியள் கைதட்டினார்கள். அந்தக் கடல் முழங்காலளவு ஆழம்தான். நடந்துபோய் எடுத்துவந்தேன். ஆக, மணல் என்றால் சான்ட் வெட்ஜ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் பிழை. பொடி மணலுக்குக் கூடின பவுன்ஸ், இறுகின ஈர மணலுக்குக் குறைந்த பவுன்ஸ். நல்ல மைதானங்களிலும் மழை பெய்த அடுத்த நாள் மணற்குழி இப்படித்தான் மாறிவிடும்.

அந்த மணற்குழிக்கு ஆங்கிலத்தில் பெயர் பங்கர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அண்ணை ஒருநாள் தொலைபேசியில் “நேற்று நாலு தரம் பங்கருக்குள்ள” என்று சொல்ல, பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதையை மாற்றினேன். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்த பங்கர்தான் அவருக்குத் தெரிந்த பங்கர். அன்றிலிருந்து எங்களுக்குள் அது மணற்கிடங்கு.

மணற்கிடங்கின் சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் நுவரெலியாவில் மறந்து தண்டம் வாங்கியதால். அடிப்பதற்கு முதல் தடியால் பந்துக்கு முன்னோ பின்னோ மணலைத் தொடக்கூடாது, ஒத்திகை வீச்சிலும் மணல் படக்கூடாது. இரண்டு அடி தண்டம். தோட்டத்தில் பழகினவனுக்குத் தடியை நிலத்தில் ஊன்றி வைப்பது கைப்பழக்கமாகிவிடுகிறது.

இந்தத் தடித்த முதுகை மணலுக்கென்று முதலில் புகழுக்குக் கொண்டுவந்தவர் ஜீன் சரசென் என்ற அமெரிக்க ஆட்டக்காரர். அதற்கு முதல் மணலுக்கென்று வந்த உட்குழிந்த முகத் தடி 1931இல் தடைசெய்யப்பட்டது. விமானம் ஓட்டும் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸோடு விமானத்தில் போனபோது, எழும்பும் நேரம் வால் இறங்கி மூக்கு எழும்புவதைப் பார்த்து யோசனை வந்ததாக சரசென் சொல்லியிருக்கிறார். ஒரு பழைய தடியின் பின்புறத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டி, அராவி, திரும்ப ஒட்டிச் சரிசெய்தார். 1932இல் இங்கிலாந்தின் சான்ட்விச் கரையில் உள்ள பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றபோது அந்தத் தடி அவர் பையில் இருந்தது. இந்தக் கதையை அப்புவுக்குச் சொன்னேன். “எங்கட கொல்லன் இதைக் காலங்காலமாச் செய்யிறான், விமானத்தில ஏறாமலே” என்றார்.

இனி அந்த அறுபது. லொப் வெட்ஜ். தொலைக்காட்சியில் பார்த்தால் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பந்து நேரே மேலே போய் விழுந்த இடத்தில் நிற்கிறது. புதிதாகப் பழகுகிற எவருக்கும் முதலில் ஆசை வருவது அதில்தான், எனக்கும் வந்தது. ஆனால் கோணம் கூடக் கூடப் பிழைக்கு இடம் குறைகிறது. அரை அங்குலம் கீழே போனால் பந்து முகத்தின் மேல் விளிம்பில் பட்டு காலடியில் விழும், அரை அங்குலம் மேலே பட்டால் கிணறு. அதோடு சோளகக் காற்று. ஆடி மாதம் காற்றுக்கு எதிராக அறுபதால் அடித்த பந்து மேலே போய், யோசித்து, என்னை நோக்கித் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். காற்றுள்ள ஊரில் பந்தைத் தாழ்வாக ஓட்டப் பழக வேண்டும். அதற்கு ‘பி’யால் பாதி வீச்சு, பந்தை வலது காலுக்குக் கிட்ட வைத்து. உயர வேண்டிய அருமையான சந்தர்ப்பத்தில் 56இன் முகத்தைத் திறந்தால் அறுபதின் வேலை நடந்துவிடும். 1938 முதல் அமெரிக்கச் சட்டப்படியும் அடுத்த வருடத்திலிருந்து மற்ற இடங்களிலும் பைக்குள் 14 தடிதான். ஒன்று கூடுதலாக வைத்தால் இன்னொன்றை இழக்க வேண்டும். அறுபதுக்கு அந்த இடத்தை நான் கொடுக்கமாட்டேன்.

தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, சொன்னபடி அண்ணை என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். 1889இல் தொடங்கிய மைதானம், நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. தென்மேல் மழை நனைத்த புல், கால் புதையும் மண், குளிர். அம்மாவுக்கு வந்த சுவெட்டரில் ஒன்று எனக்குக் கைகொடுத்தது. எங்களோடு பை தூக்கி வந்த தம்பி மலையகத் தமிழர். அவர் தொழிலின் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் ‘கேடி’ என்று வந்து தொலைக்கிறது. ஆகவே தம்பி என்றே சொல்கிறேன்.

மூன்றாவது குழியில் எனக்கு வந்தது சரியாக 80 மீட்டர். ஐந்து மாதம் பயந்த தூரம். ‘பி’யை எடுத்து மெதுவாக அடித்தேன், பாதியில் பயந்து கையை இழுத்ததில் அது 40 மீட்டரில் சேற்றில் குத்தியது. ஒன்பதாவதில் திரும்ப அதே தூரம். இந்த முறை 56ஐப் பலமாக வீசினேன். உயரப் போய், குறைவாக விழுந்தது. தம்பி பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“சார், ஒங்ககிட்ட நடுவுல ஒரு குச்சி இல்லீங்க. அம்பது ஒன்னு வாங்கிக்கோங்க. அதுவரைக்கும் ‘பி’யக் கொஞ்சம் கீழ எறக்கிப் புடிச்சு, முக்கா வீச்சு வீசுங்க. பயப்படாம முழுசா முடிங்க.”

பிடியில் இரண்டு அங்குலம் கீழே இறங்கி, கை தோள் உயரத்தோடு நிறுத்தி, முன்னால் முழுதாக முடிப்பது. அன்று பின்னேரம்வரை அதையே செய்தேன். ஓட்டையுள்ள செட் வைத்திருக்கிற எவருக்கும் காசு செலவில்லாத வழி அதுதான். மற்றப்படி, அந்த ஈர மண்ணில் 56·14 என்னை ஏமாற்றவே இல்லை. காய்ந்த தறையில் நான் திட்டித் தீர்த்த அதே முதுகு, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையான கிரீனுக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் தடியைப் புதையவிடாமல் காப்பாற்றியது. அண்ணை புதிதாக வாங்கியிருந்த குறைந்த பவுன்ஸ் தடி ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டுப் புல்லைப் பெயர்த்தது. தலையைத் தூக்காதை, பந்தைப் பார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது.

திரும்பி வரும் வழியில் அண்ணை கேட்டார், அடுத்த பார்சலில் என்ன போட என்று. யாராவது என்னைப்போல் தொடங்குவதாக இருந்தால் அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் கையில் இருக்கிற பிச்சிங் வெட்ஜின் பாகையை அளந்து பாருங்கள், அதிலிருந்து ஐந்து ஆறு பாகைப் படியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு 44, ஆகவே 50, பிறகு 56 போதும். வெட்ஜ் ஒன்று மட்டும் எடுப்பதென்றால் பவுன்ஸ் நடுத்தரம், எட்டோ பத்தோ. இரண்டு வெட்ஜ் எடுத்தால் ஒன்றை வற்றின நிலத்துக்கும் ஒன்றை ஈரத்துக்குமாகப் பிரித்து எடுக்கலாம். அடியின் குதிப் பக்கத்தை அராவிக் குறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படிக் குறைத்தது முகத்தைத் திறந்தாலும் விளிம்பு அதிகம் எழும்பாது, இறுகின நிலத்துக்கு அது உதவி. பழைய தடி வாங்குவதென்றால் முகத்தின் பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் பந்தும் வழுக்கும். பள்ளத்தில் செம்மண் ஏறினாலும் அதே கதைதான். நான் ஒரு ஈர்க்கும் பழைய பல்துலக்கியும் பையில் வைத்திருக்கிறேன். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணியில் கழுவித் துடைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

புரட்டாதியில், மழைக்கு முதல், அப்பு கிணறு இறைத்துத் துப்பரவாக்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் அதில் பங்கு உண்டே. அடிச் சேற்றிலிருந்து வாளியில் ஏற்றி, கழுவி, கிணற்றுக்கட்டில் வரிசையாக வைத்தார். பதின்மூன்று பந்து. இவ்வளவு காலமும் அந்தப் பாவத்தையெல்லாம் 56இன் தலையிலும் அறுபதின் தலையிலும் போட்டுவந்தவன் நான். ஒவ்வொன்றாகத் திருப்பி மார்க்கர் எழுத்தைத் தேடினேன். தண்ணீரில் கிடந்து மை போய்விட்டது. இரண்டே இரண்டில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“என்ன மாஸ்டர் எழுதியிருக்கு?” என்றார் அப்பு.

இரண்டிலும் ‘பி’.